எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வரிக்குப் போகும் முன்பே அவர் என்ன சாதி என்று உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். அதற்கடுத்த வரியில் நான் என்ன சாதி என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் தென்காசிப் பக்கம் தலைவர்களைப் பங்கு பிரித்து வெகுகாலம் ஆகிறது. நாட்டுக்கே உழைத்தவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஊருக்குள் வந்தால் அவர் ஒரு தெருவுக்குச் சொந்தக்காரர். அந்தத் தெரு அவர் சிலைக்கு மாலை போடும், அடுத்த தெரு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வம்பு வேண்டாமென்று சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டிவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது ஜெயிலுக்குப் போய்வந்த மனிதர்களைச் செத்த பிறகும் உள்ளே வைத்திருக்கிற ஊர்கள் இவை.

அப்படிப்பட்ட ஒருவரின் படம் மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. நான் வரைந்த படம். அவர் ‘எங்கள் ஆள்’ இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதவே எனக்குக் கூசுகிறது. எழுதாவிட்டால் மேற்கொண்டு நடந்தது உங்களுக்குப் புரியாது என்பதால் ஒரே ஒரு தடவை எழுதிவிட்டேன்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஒளிந்துகொள்ள வருகிற வகுப்பு என்னுடையது. பள்ளி ஆண்டுவிழா ஒன்றுக்காகப் பெரிய ஹார்ட்போர்டில் ஆயில் பெயின்ட்டில் அவரை வரைந்தேன். ஏன் அவர் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு காரணம் சொல்லியிருப்பேன். என் அம்மா ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து நாலு எழுத்துப் படிக்க முடிந்ததற்கு அவரும் ஒரு காரணம். இரண்டாவது, அவர் முகம். ஒரு பக்கம் கோபமும் மறு பக்கம் அசதியுமாக இருக்கும் அந்த முகத்தை எத்தனை தடவை அழித்து வரைந்தாலும் அலுக்காது.

கைக்குக் கிடைத்தது பத்திரிகையில் வந்த கறுப்பு வெள்ளைப் போட்டோதான். அவர் என்ன நிறமென்று எனக்குத் தெரியாது. வெயிலில் வயல் வரப்பில் நின்று நின்று எங்கள் அப்பாவின் கைகளில் ஏறியிருந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். தோளில் துண்டு போட்டேன், எந்தக் கட்சிக் கரையும் இல்லாத வெள்ளைத் துண்டு. சாதியைத் தோண்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன், அந்தத் துண்டுக்கு மேலே இருக்கும் தோல் எங்கள் வீட்டுத் தோல்.

பள்ளிக்கூட ஹாலில் அந்தப் படம் பல வருடம் இருந்தது. நான் ஓய்வு பெறும் சமயத்தில்தான் பையன்கள் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எந்தக் கலர் எந்தச் சாதி என்பது எங்களுக்குத் தெரியும் முன்பே ஆறாம் வகுப்புக்குத் தெரிந்திருந்தது. ஹாலில் எந்தத் தலைவர் படம் மேலே, எந்தத் தலைவர் படம் கீழே என்று பெரிய பையன்களுக்குள் அடிதடி. நிர்வாகம் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தது. கயிற்றை அறுக்க வழி தெரியவில்லை, படங்களைக் கழற்றிவிடுவது. கழற்றி, அந்தந்தத் தலைவரை அந்தந்த ‘ஆட்களிடம்’ ஒப்படைத்துவிடுவது.

“டீச்சர், அவுக ஆட்களுக்குச் சொல்லி விட்டிருக்கோம். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிருவாக” என்றார் நிர்வாகி.

“வரைஞ்சது நான். அவுக யாரு எடுக்கதுக்கு?” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் அது?”

எனக்கு எதுக்கு என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் அன்றைக்கு என்னைக் கிளப்பிவிட்டது. பியூனைக் கூப்பிட்டு ஏணி போடச் சொன்னேன். படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மேலகரம் போகிற ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன்.

படம் பாதிக் கதவு உயரம். மடியில் சாய்த்துப் பிடித்தால் அவர் முகம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எக்கா நம்ம ஆட்களா? இவ்வளவு நாளா ஏத்திட்டுப் போறேன், தெரியாமப் போச்சே” என்றார். டிரைவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய அம்மா ஒருத்தி, எங்கள் தெருவில் எனக்குப் பழக்கமானவள்தான், படத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள். மேலகரம் வருவதற்குள் ஒருத்தருக்கு நான் சொந்தக்காரி, இன்னொருத்திக்கு ஆகாதவள். நான் வாயே திறக்கவில்லை. மடியில் இருந்தவரும் திறக்கவில்லை.

முன்னறையில், வாசல் கதவைத் திறந்தால் குற்றாலம் ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி மாட்டினேன். வேண்டுமென்றேதான்.

ஒரு வாரம் போயிருக்காது, பைக்குகளில் இளவட்டங்கள் மாலையோடு வந்து நின்றார்கள். ஐயாவின் பிறந்தநாள் ஊர்வலம் வருகிறதாம். “ஆச்சி, இங்கன நம்ம வீடு இருக்குன்னு யாருமே சொல்லலையே” என்றான் முன்னால் நின்றவன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். எங்கள் அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அவன் நைசாக விசாரித்துக்கொண்டே வந்தான். நாலாவது பெயரில் அவனுக்குச் சங்கதி பிடிபட்டுவிட்டது. மோர் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அப்ப எங்க ஐயா படம் உங்க வீட்டுல எதுக்கு?”

“உங்க ஐயா எங்க அம்மாவையும் சேத்துத்தாம்லே படிக்க வச்சாரு. உங்க தெருவ மட்டும் படிக்க வைக்கேன்னு எங்கயாவது சொல்லியிருக்காரா?”

மாலையைப் போடுவதா திருப்பிக் கொண்டுபோவதா என்று அவர்களுக்குள் ஒரு குழப்பம். கடைசியில் போட்டுவிட்டுத்தான் போனார்கள். போகும்போது, கொடுத்துவிடுகிற மாதிரி இருந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று நம்பர் எழுதி நீட்டினான். நான் வாங்கவில்லை.

இதெல்லாம் கேட்டு என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் நிலத்தை விட்டுவிட்டு ஆண்கள் பாதிப் பேர் போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள். காக்கி போட்டிருந்த காலத்தில் எல்லாத் தலைவர் சிலைக்கும் ராத்திரி பகலாகக் காவல் நின்றவன் அவன். அத்தனை தலைவர் மேலேயும் அவனுக்கு ஒரே அளவு வெறுப்பு. ஒருவகையில் அவன்தான் எங்கள் ஊரில் சமத்துவம் பார்க்கிறவன்.

“எக்கா, உனக்கு ஒரு பொட்டப்பிள்ள இருக்குங்கிறத மறந்துராத” என்று மட்டும் சொன்னான்.

மறக்கவில்லை. என் மகள் தென்காசியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா பட்டாளத்துக்காரர், இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் வழிச் சொந்தமெல்லாம் செங்கோட்டையைத் தாண்டிப் புனலூருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர் இன்னார் மகன், இன்னார் பேரன் என்று சாட்சி சொல்ல இங்கே ஒரு பெரியப்பா சித்தப்பா கிடையாது. சம்பந்தம் பேசும்போது அது ஒரு குறை என்று தம்பிதான் எனக்குச் சொன்னான். அப்போதும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருவேங்கடம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. கரிசல் காட்டில் நிலம் வைத்திருக்கிற குடும்பம். பையனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போட்டோ கைமாறி, நம்பர் கைமாறி, இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையில் எனக்கு நஷ்டமே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“ம்மா, அந்தப் படத்த ஒரு நாளைக்கு மட்டும் பெட்ரூம்ல வச்சிருவோமா?”

“எடுத்தா சுவத்துல கட்டமா வெள்ள தெரியும்ட்டி.”

“காலண்டர் மாட்டிக்கலாம்.”

“அவ்வளவு பெரிய காலண்டர் எந்தக் கடையில குடுக்கான்?”

சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் இறங்கி வரவில்லை. ஒரு நாளைக்கு மட்டும் என்று எடுத்த எதுவும் எங்கள் ஊரில் திரும்பி மேலே ஏறினதில்லை.

மறுநாள் காலையில் தம்பி ஒரு வெள்ளை வேட்டியும் சணலுமாக வந்து சேர்ந்தான். நான் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்டூல் மேல் ஏறிப் படத்தைச் சுற்றி வேட்டியைக் கட்டிவிட்டான். தேர்தல் வந்தால் சிலைகளை இப்படித்தான் மூடுவார்கள், அவனுக்குக் கைவந்த வேலை. முடிச்சு நேர்த்தியாக இருந்தது.

“தேர்தல் முடிஞ்சதும் அவுத்திருவோம்க்கா” என்றான். அவனுக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டு அவன் வரவேற்க ஓடினான். அவன் முதுகு மறைந்ததும் நான் ஸ்டூலில் ஏறினேன். முடிச்சு அவிழவில்லை. காய்கறி வெட்டுகிற கத்தியால் சணலை அறுத்து வேட்டியை உருவிச் சுருட்டி அலமாரிக்குள் போட்டேன். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது அவரும் நானும் தயாராக இருந்தோம்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்ப்பார்கள். என்ன சாமி, எந்தக் கோயில் காலண்டர், எந்தத் தலைவர். சுவர் சரியாக இருந்தால்தான் அப்புறம் பெண். பையனின் அம்மா பெஞ்சில் உட்காரும் முன்பே படத்தைப் பார்த்துவிட்டார். கூட வந்த அவர் வீட்டுக்காரரும் பார்த்தார். பையனும் பார்த்தான், பார்த்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தான். மகள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மா டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை.

“மதினி, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தப் படம்…”

“நான் வரைஞ்சது.”

“அது சரி. உங்க வீட்டுக்காரர் அவுக ஆட்களா?”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. படம் பிடிக்கவில்லை என்பார்கள், கழற்றச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் கணக்கே வேறு. புருஷன் வழியில் சொந்தம் என்று ஒருத்தரும் இல்லாத வீடு, சுவரில் வேறு ஆட்களின் தலைவர், அப்படியானால் அந்தக் காலத்தில் இவள் சாதி மாறிக் கட்டிக்கொண்டு வந்ததை இத்தனை வருடம் மூடி வைத்திருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு மனிதர் மீது மரியாதை வருவதற்கு ரத்த சம்பந்தத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

தம்பி அவசரமாக முன்னால் வந்தான். “சே சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. அத்தான் சுத்தமா நம்ம ஆட்கள்தான். நான் கேரண்டி.”

“நீங்க சொல்லுதது இருக்கட்டும் தம்பி” என்றார் பையனின் அப்பா. “வீட்டுக்காரி வாயால ஒரு வார்த்தை வந்துட்டா எங்களுக்கு நிம்மதி. நாளைக்கு எங்க சனம் கேக்கும்லா.”

‘இல்லை’. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. பொய்யும் இல்லை, சத்தியமான உண்மை. சொன்னால் கேசரி உள்ளே போகும், அப்புறம் இலை போடலாம். அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. என் மகள் காப்பித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் முடியவில்லை. ‘இல்லை’ என்று நான் சொன்னால் அது பதில் இல்லை, ஒரு சத்தியப் பிரமாணம். அவர்கள் ஆளாக இருந்திருந்தால் என் புருஷன் குறைந்தவர், நல்லவேளை இல்லை என்று கையடித்துச் சொல்வது. இருபத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்த மனிதருக்கு அவர் இல்லாத நேரத்தில் இப்படி ஒரு சர்டிபிகேட் நான் ஏன் வாங்க வேண்டும்?

“அண்ணாச்சி, பொண்ணு படிச்சிருக்கா, வேலை பாக்கா, நல்ல குணம். அதையெல்லாம் கேளுங்க, சொல்லுதேன். இந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் கிடையாது.”

“இல்லைன்னு ஒரு வார்த்தைதான மதினி.”

“அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்ல மாட்டேங்கேன்.”

அந்த அம்மா டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். காப்பியில் ஆடை கட்டியிருந்தது. எழுந்தார்கள். பையன் கடைசியாக எழுந்தான். மகளை ஒரு தடவை பார்த்தான், என்னமோ சொல்ல வாயெடுத்தான், அவன் அப்பா கார் சாவியை ஆட்டினார், போய்விட்டான். தம்பி வாசல்வரை போய்க் கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்து, “உன் வீம்புக்கு ஒரு அளவே இல்லையா” என்று கேட்டான். நான் ஆடை கட்டிய காப்பியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. “உண்மையத்தானம்மா கேட்டாங்க. உண்மையச் சொல்லதுக்கு உனக்கு என்ன?” என்றாள். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. தட்டை வைப்பேன், சாப்பிடுவாள். பாக்ஸைக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வாள். மாடிக்குப் போவதில்லை. வீட்டுக்குள் படத்தைத் தாண்டிப் போகும்போது அவரை முறைத்துக்கொண்டே போவாள். பாவம், அவர் என்ன செய்வார்.

நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் சரியாகச் செய்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று யார் சொன்னது? வீம்பு என்னுடையது, வலி அவளுடையது. ஒரு நாள் காலையில் அவள் தலை சீவிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று, “வேணும்னா நம்பரக் குடு. உனக்காகப் போன் போட்டு நானே சொல்லிருதேன்” என்றேன். சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நம்பரைக் கொடுக்கவில்லை.

ஆனி பாதியில் சாரல் கட்டியது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று தெருவே பேசிக்கொண்டது. சீசன் வந்தால் வெளியூர்க் கூட்டம் இறங்குவதற்கு முன்னால் விடிந்தும் விடியாமலும் போய்க் குளித்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். அவள் அப்பா இருந்த காலத்திலிருந்தே உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளாகவே துண்டை எடுத்துப் பையில் வைத்தாள். வருகிறாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்காமல் பின்னாலேயே போனேன்.

கடைகளில் அப்போதுதான் ரம்புட்டான் பழத்தைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் அவ்வளவு கூட்டமில்லை. தண்ணீர் தலையில் இறங்கியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வழுக்கும் என்பதற்காகத்தான் இருக்கும். அத்தனை நாள் கழித்து அவள் கை என் கையில் இருந்தது.

ஈரத்தோடு வெளியே வந்து நின்று துவட்டும்போது, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்த அவள் போன் அடித்தது. அந்தப் பையன். அருவிச் சத்தத்தில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. கவரோடேயே ஸ்பீக்கரில் போட்டாள். நான் தள்ளிப் போகப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

“எங்க அம்மாவ நான் எப்படியாவது சமாதானம் பண்ணிருதேன்” என்றான் அவன். குரலில் கெட்டது எதுவும் இல்லை. உண்மையாகவே கஷ்டப்பட்டுத்தான் பேசினான். “எனக்கு இதெல்லாம் முக்கியமே கிடையாது. எனக்குத் தெரிஞ்சுக்கதுக்காக மட்டும் கேக்கேன். நீ ஒண்ணு மட்டும் சொல்லிரு. உங்க அப்பா அவுக ஆட்களா?”

தலைமுடியிலிருந்து தண்ணீர் போன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால் அவளை நான் குறை சொல்லப் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது அவள் வாழ்க்கை.

“ஆமா” என்றாள்.

“என்னது? கேக்கல. ஒரே இரைச்சலா இருக்கு.”

“ஆமான்னேன்.”

“இன்னும் சத்தமாச் சொல்லு.”

என் மகள் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா. எங்க அப்பாவும் அவுக ஆளு, எங்க அம்மாவும் அவுக ஆளு, நானும் அவுக ஆளுதான். போதுமா?”

புடவை பிழிந்துகொண்டிருந்தவர்கள், குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். அவளே போனை அணைத்தாள், கவரைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“இதப் பிடிம்மா” என்றாள். “நான் இன்னொரு தடவை போய் நிக்கேன்.”